பாடகர் ஃப்ரெடி மெர்குரி தனி ஆல்பம் போட்டபோது அவருடைய பிரிட்டிஷ் ராக் குழு குயீன் உடைந்துவிட்டதா?

இல்லை. அடையாறில் காலேஜ் பேண்ட் வைத்திருக்கும் பசங்ககூட உடைந்துவிட்டதாகத்தான் நினைக்கிறார்கள். 1985 ஏப்ரலில் வந்த அந்தத் தனி ஆல்பம் ‘மிஸ்டர் பேட் கை’, குழுவுக்கு நடுவே செய்த ஒரு துணை வேலைதான். டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981லேயே தனி ஆல்பம் போட்டாச்சே, அப்போது குழு உடைந்ததா என்ன?

ஃப்ரெடி இதை ம்யூனிக்கில் பதிவு செய்தார். குயீனில் பிரையன் மேயின் கிட்டார் நிற்கும் இடத்தில் இங்கே சின்தசைசரும் டான்ஸ் தாளமும். (எனக்குப் பாதிதான் பிடிக்கும்.) பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. அதே ஆண்டு ஜூலை 13இல் லண்டன் வெம்ப்ளியில், லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி மேடையில், குயீனின் நால்வரும் ஒன்றாக நின்றார்கள்.

அவர் மறைந்த பிறகு, இதிலிருந்த ‘ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ’ பாட்டுக்கு மற்ற மூவரும் புதிதாக வாசித்து, 1995இல் குயீன் ஆல்பத்திலேயே சேர்த்தார்கள். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கிட்டார் வந்ததும் ஆளே மாறிவிடும்.