நாமினி மாமியார், பாலிசி கணவருடையது: பணம் யாருக்கு?

கேள்வி: என் கணவர் ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். எங்களுக்கு 7 வயதில் மகனும் 4 வயதில் மகளும் இருக்கிறார்கள். அவர் தனியார் கம்பெனியில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால், 2015-இல் எடுத்த 15 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீட்டு பாலிசியில் அவருடைய அம்மாதான் நாமினி. பிறகு எடுத்த 25 லட்ச ரூபாய் பாலிசியில் நான் நாமினி. அந்தப் பணம் என் கணக்குக்கு வந்துவிட்டது. இப்போது முதல் பாலிசிப் பணத்தைக் கேட்டு மாமியார் விண்ணப்பித்திருக்கிறார். "நாமினி நான், உனக்கும் பிள்ளைகளுக்கும் இதில் ஒன்றும் இல்லை" என்கிறார். மாமனாரும் கொழுந்தனும் தங்களுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். கணவர் உயில் எதுவும் எழுதவில்லை. நான் வழக்குப் போடலாமா? – தூத்துக்குடி வாசகி

பதில்: போடலாம். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். அந்தக் கணக்கு வரைக்கும் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், மாமியார் சொல்வது எவ்வளவு தூரம் சரி? நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1983-இலேயே சொல்லிவிட்டது. சர்பதி தேவி வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது அதைத்தான். அதில் நிலைமை உங்களுடையதற்கு நேர் எதிர்: மனைவி நாமினி, பங்கு கேட்டவர் இறந்தவரின் அம்மா. காப்பீட்டு நிறுவனம் நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு முடிந்தது. ஆனால் அந்தப் பணம் வாரிசுகள் எல்லோருக்கும் சேர்ந்தது, நாமினி அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

அது அப்படியே நீடித்திருந்தால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். 39-ஆம் பிரிவில் புதிதாக 7-ஆவது உட்பிரிவு வந்தது. பாலிசிதாரர் தன் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் யாரையாவது நாமினியாகப் போட்டிருந்தால், அந்தப் பணத்தை அனுபவிக்கும் உரிமையே அவர்களுக்கு உண்டு என்கிறது அது. திருத்தத்துக்குப் பிறகு பணம் கொடுக்க வேண்டி வரும் பாலிசிகளுக்கு இது பொருந்தும். எனவே உங்கள் கணவரின் இரண்டு பாலிசிகளும் இதற்குள் வருகின்றன. மாமியாரின் வக்கீல் இந்தப் பிரிவைத்தான் கையில் எடுப்பார்.

அப்படியானால் வாரிசுச் சட்டம் செத்துப்போய்விட்டதா? கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரு தீர்ப்பு கொடுத்தது. கிட்டத்தட்ட உங்கள் கதைதான். கல்யாணத்துக்கு முன் அம்மாவை நாமினியாகப் போட்ட மகன், பிறகு மனைவியும் ஒரு மகனும் வந்தபின் நாமினியை மாற்றாமலே இறந்துவிட்டார். வாரிசுகள் யாரும் உரிமை கோராதபோதுதான் நாமினி முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ள முடியும், கோரினால் வாரிசுச் சட்டப்படிதான் பங்கு என்று சொல்லி, அம்மா, மனைவி, மகன் மூவருக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு என்று முடித்தார்கள். சட்ட ஆணையம் 2004-இல் கொடுத்த 190-ஆவது அறிக்கையில், பணத்தைத் தானே அனுபவிக்கும் நாமினி, வாங்கிப் பிரித்துத் தரும் நாமினி என்று இரண்டு வகையாகப் பிரிக்கச் சொல்லியிருந்தது. நாடாளுமன்றம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் வந்தது. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு விஷயத்தில், நாமினி என்பதற்காக வாரிசுரிமை போய்விடாது என்று சொல்லியிருக்கிறது.

இதெல்லாம் உங்களுக்குச் சாதகம். ஆனால் கர்நாடகத் தீர்ப்பு நம் ஊர் நீதிமன்றத்தைக் கட்டாது, எடுத்துக்காட்டலாம், அவ்வளவே. 7-ஆவது உட்பிரிவின் வாசகத்தை உள்ளபடி படித்தால் மாமியார் பக்கமும் வாதாட இடம் இருக்கிறது. "கண்டிப்பாக ஜெயிப்போம்" என்று யாராவது சொன்னால் நம்பி இறங்கிவிடாதீர்கள்.

இனி கணக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள், தாய் நால்வரும் வருகிறார்கள், சமமான பங்குகளோடு. தகப்பனார் இரண்டாம் வகுப்பு; முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்குக் கிடையாது. கொழுந்தனும் அப்படித்தான். ஆகவே அவர்கள் இருவர் பேச்சையும் இந்தப் பணத்தைப் பொறுத்தவரை ஒதுக்கி வைத்துவிடலாம். மாமியாரை ஒதுக்க முடியாது. நாமினி என்பதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அவர் உங்களோடு சமமான வாரிசு.

நாமினிதான் எல்லாம் என்று வைத்துக்கொண்டால், அவருக்கு 15 லட்சம், உங்களுக்கு 25 லட்சம். வாரிசுச் சட்டம்தான் என்று நீங்கள் வாதாடி ஜெயித்தால், அந்த வாதம் முதல் பாலிசியோடு நிற்காது. நீங்கள் நாமினியாக வாங்கிய 25 லட்சத்திலும் நாலில் ஒரு பங்கை, அதாவது 6.25 லட்சத்தை, மாமியார் திருப்பிக் கேட்பார். கேட்க அவருக்கு உரிமையும் இருக்கும். நீங்களும் பிள்ளைகளும் 15 லட்சத்தில் 11.25 லட்சம் வாங்குவீர்கள், அதில் 6.25 போக நிகர லாபம் 5 லட்சம். அந்த 5 லட்சத்துக்காகத்தான் கோர்ட் கட்டணம், வக்கீல் பீஸ், எத்தனையோ வருடம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. மொத்தம் 40 லட்சத்தை நாலாகப் பிரித்தால் உங்கள் பங்கு 10 லட்சம்தான். மாமியாரின் 10 லட்சம் போக மீதி 20 லட்சம் பிள்ளைகளுடையது. மைனர் பங்கை 18 வயது வரை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பு. ஆனால் அடுத்த மாத வீட்டு வாடகைக்கு அந்தப் பணம் உதவாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 25 லட்ச பாலிசியின் பாண்டை எடுத்துப் பாருங்கள். 1874-ஆம் வருடத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுத்தது என்று குறிப்பு இருக்கிறதா? இருந்தால் அந்தப் பணம் உங்களுக்காகவோ பிள்ளைகளுக்காகவோ ஏற்படுத்திய அறக்கட்டளைக்குச் சமம். அது கணவரின் சொத்தில் சேரவே சேராது. மாமியாரோ கடன்காரரோ தொட முடியாது. அப்படி இருந்தால் மேலே போட்ட கணக்கு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். வழக்குப் போடுவதிலும் அர்த்தம் இருக்கும்.

எந்த முடிவுக்கு வந்தாலும் ஒரு வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள். 15 லட்சம் இன்னும் மாமியார் கைக்குப் போகவில்லை என்றுதான் தெரிகிறது. போவதற்கு முன் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பாலிசி நம்பர், கணவரின் இறப்புச் சான்று, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் இவற்றின் நகல்களோடு, "நானும் என் இரண்டு மைனர் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள், எங்கள் பங்கு முடிவாகும்வரை பணம் கொடுக்க வேண்டாம்" என்று எழுதி, கிளை அலுவலகத்தில் சீல் போட்ட ஒப்புகை வாங்குங்கள். பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது எதற்கும் பயன்படாது.

இந்தக் கடிதம் மட்டும் பணத்தை நிறுத்திவிடாது. பொதுவாக நிறுவனங்கள் "குறிப்பிட்ட நாளுக்குள் கோர்ட் தடை உத்தரவு கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் நாமினிக்குக் கொடுத்துவிடுவோம்" என்று பதில் எழுதும். அந்தக் கெடு உங்களுக்கு முக்கியம். சில சமயம் நிறுவனமே காப்பீட்டுச் சட்டம் 47-ஆம் பிரிவைப் பயன்படுத்திப் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது நல்லதுதான், பணம் பத்திரமாக இருக்கும். பணம் ஒருமுறை போய்விட்டால் நிறுவனத்தைக் கேட்க முடியாது, வாங்கியவர் மேல்தான் வழக்கு. செலவழிந்த பணத்துக்குத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழையும் கோர்ட் கொடுக்கும் வாரிசுரிமைச் சான்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலாவது, குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் தாள். பங்கை அது முடிவு செய்யாது. இரண்டாவது, 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் 372-ஆம் பிரிவின்கீழ் சிவில் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்குவது. அந்த மனுவில் மாமியாருக்கும் நோட்டீஸ் போகும், அவர் ஆட்சேபிக்கலாம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். நிறுவனம் பணம் தர மறுத்தால் போகலாம். குடும்பத்துக்குள் யாருக்கு என்கிற சண்டைக்கு அது இடம் இல்லை.

என்னைக் கேட்டால், ஆட்சேபக் கடிதத்தைக் கொடுத்த கையோடு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குப் போடாமலே மாமியாரை அழைத்துப் பேசச் சொல்லலாம். லோக் அதாலத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இரண்டு பாலிசியையும் ஒன்றாக மேஜையில் வைத்துப் பேசுங்கள். அவருக்கு 10 லட்சம், 15-இல் மீதி 5 உங்கள் பக்கம் என்பது சட்டப்படியே நியாயமான எல்லை. அதிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுப்பதானால் உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள். பிள்ளைகள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு நடக்கும்போது மைனருக்காகச் சமாதானம் பேசினால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அது செல்லாது.

மாமியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். வயதான காலத்தில் மகன் அனுப்பிய பணம் நின்றுபோயிருக்கும். "ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்னது தவறு. ஆனால் அவருக்கும் ஒன்றும் இல்லை என்று நீங்கள் பதிலுக்குச் சொன்னால் அதுவும் தவறுதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒரு விஷயம். கணவருக்கு பி.எஃப். பிடித்தார்களா? பி.எஃப். விதி காப்பீட்டைப் போல இல்லை. குடும்பம் ஆவதற்கு முன் போட்ட நாமினேஷன், குடும்பம் வந்ததும் தானாகவே செல்லாததாகிவிடும். அங்கே அம்மா பெயரே இன்னும் இருந்தாலும் கலங்க வேண்டாம். வேலையில் இருக்கும்போது இறந்தவர் என்பதால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை வரலாம். விதவை ஓய்வூதியமும், 25 வயது வரை பிள்ளைகளுக்கான ஓய்வூதியமும் தனி. கம்பெனியின் மனிதவளப் பிரிவில் கேட்டு விண்ணப்பத்தை உடனே கொடுங்கள். மாமியாரோடு பேசப் போவதற்கு முன்னால் இந்தத் தொகையெல்லாம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதே போன்ற சிக்கலில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு: நாமினி அண்ணன், தம்பி, நண்பர் என்றால் 7-ஆவது உட்பிரிவு அவர்களுக்குக் கைகொடுக்காது, அவர்கள் வாங்கிப் பிரித்துத் தருகிறவர்கள் மட்டுமே. கிறிஸ்தவக் குடும்பத்தில் பங்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கு இல்லை. இரண்டாம் மனைவி நாமினியாக இருந்த ஒரு வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், பணம் வாங்கும் சான்றை அவருக்கே கொடுத்தது. ஆனால் முதல் மனைவியின் ஐந்தில் ஒரு பங்கைப் பத்திரப்படுத்தியது, இரண்டாம் மனைவியின் நான்கு பிள்ளைகளையும் வாரிசுகளாகவே எண்ணியது.

தூத்துக்குடி வாசகிக்கு: நிறுவனத்திடமிருந்து கெடு வைத்துக் கடிதம் வந்தால், அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். தடை உத்தரவு மனுவுக்கு அந்தக் கடிதம்தான் முதல் ஆவணம்.