கெட்டில் அண்ணனை என்ன செய்வது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சீனியர் அண்ணன் ஒருவர் 22 வருடமாக இங்கே இருக்கிறார். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே டீ கெட்டிலையும் சொருகுகிறார். யூ.பி.எஸ். ரூமில் பழைய ஃபைல்களை அடுக்கி வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அங்கேயே சாமி படத்துக்குச் சூடம் காட்டுகிறார். சொன்னால், "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப நீ பால்வாடி" என்கிறார். முதலாளிக்கு அவர் வலது கை. என்ன செய்வது?

பதில்: இரண்டும் ஒரே அளவு ஆபத்து இல்லை. சூடத்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள் நிறுத்தியாக வேண்டும். யூ.பி.எஸ்.ஸின் பேட்டரி தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் வகையாக இருந்தால், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே நெருப்புப் பட்டதும் பற்றிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத ரூம், பக்கத்திலேயே காகிதக் கட்டு, நடுவில் சூடம். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கெட்டில் விஷயத்தில் அவர் கேட்கப்போவது, "அப்படின்னா ஏன் ட்ரிப் ஆகல?" நல்ல கேள்விதான். 1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண பாக்ஸின் சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. ஆனால் அந்த லைனுக்குப் பெரும்பாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவு மீறி கரண்ட் ஓடினால் தானாக விழுந்து, அதாவது ட்ரிப் ஆகி, லைனை அணைக்கும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். அது காப்பது சுவருக்குள் ஓடும் வயரை, பாக்ஸை அல்ல. கெட்டிலும் பிரிண்டரும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தாலும் எம்.சி.பி. அசையாது, பாக்ஸ்தான் சூடேறும். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் பின்னை அவரிடம் காட்டுங்கள். கறுத்தோ, பிளாஸ்டிக் பழுப்பேறியோ இருந்தால் வாதம் தேவைப்படாது.

தனியாகக் காட்டுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மில்லில், வயதில் மூத்த ஃபிட்டரிடம் எல்லார் முன்னாலும் "பாதுகாப்புக் கண்ணாடி போடுங்க" என்றேன். அதுவரை எப்போதாவது போட்டுக்கொண்டிருந்த மனிதர் அன்றிலிருந்து அதைத் தொடவே இல்லை. தப்பு என்னுடையது.

அவரை மாற்றுவதைவிட ஏற்பாட்டை மாற்றுவது சுலபம். டீ வைக்கும் இடத்தில் தனி வயர் இழுத்து ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுவிட்டால் கெட்டில் தானாக அங்கே போய்விடும். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. சாமி படத்தை எங்கே மாட்டலாம் என்று அவரையே கேளுங்கள். இடம் அவர் பார்த்ததாக இருந்தால் சூடமும் அங்கே போகும்.

முதலாளிக்கு எழுதும்போது அவர் பெயர் வேண்டாம். "அண்ணன் பேச்சைக் கேட்பதில்லை" என்று எழுதினால் பஞ்சாயத்து ஆகும். "பேட்டரி பக்கத்தில் ஃபைல்கள் இருக்கின்றன, வேறு இடத்தில் அலமாரி வேண்டும்" என்று எழுதினால் வேலை நடக்கும். இவ்வளவுக்குப் பிறகும் அந்த ரூமில் சூடம் எரிந்தால், அன்றே முதலாளியிடம் நேரில் போய் அவர் பெயரைச் சொல்லியே பேசுங்கள். அங்கே மரியாதை பார்க்காதீர்கள். பேசியதைத் தேதியோடு ஒரு மெயிலும் போட்டு வையுங்கள்.

அப்புறம், அந்த ரூம் வாசலில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருக்கிறதா? வாளித் தண்ணீர் மட்டும் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அவசரத்தில் யாராவது யூ.பி.எஸ். மேலேயே ஊற்றிவிடுவார்கள்.