சர்க்கரை நோயாளிகளின் அறுவை சிகிச்சைப் புண்: செவிலியர் பதில்கள்

கேள்வி: என் தந்தைக்கு இருதய பைபாஸ் முடிந்து ஒன்பது நாளாகிறது. மார்புத் தையல் நன்றாக இருக்கிறது. இரத்தக் குழாய் எடுத்த காலில் தையல் ஓரம் சிவந்து நீர் கசிகிறது. வலியே இல்லை என்கிறார். அடுத்த வாரப் பரிசோதனை வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், இன்றே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலின் உணர்வு நரம்புகள் மழுங்கியிருக்கக்கூடும் என்பதால், உள்ளே சீழ் கோத்திருந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். வலியை நம்பாமல் கண்ணை நம்புங்கள். புண்ணைச் சுற்றிச் சூடாக இருக்கிறதா, நாற்றம் வருகிறதா, தையல் விலகுகிறதா என்று நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கருத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாமல், அந்த இடம் மேலும் கருத்தோ தடித்துப் பளபளத்தோ காணப்படலாம். சாப்பாடும் மருந்தும் மாறாதிருக்க, சர்க்கரை மட்டும் திடீரென ஏறினால் அதுவும் தொற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும். உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும். இறுக்கமான காலுறையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு அது தீங்கு செய்யும்.

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். முட்டை, மீன், பருப்பு கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று சொல்லி, ரசம் சாதமும் ரொட்டியும் மட்டும் கொடுக்கிறார் பாட்டி. இது சரியா சிஸ்டர்?

பதில்: பாட்டியின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் இந்தப் பத்தியம் புண் ஆறுவதற்கு நேர் எதிரானது. புதிய திசு புரதத்தால் உருவாகிறது. அதை நிறுத்திவிட்டுச் சோறும் ரொட்டியும் மட்டும் கொடுக்கும்போது, சர்க்கரை ஏறுகிறது, புண்ணுக்கு வேண்டியதோ கிடைப்பதில்லை. சீழ் பிடிப்பது கிருமியால்தான், முட்டையால் அன்று. புண் ஆறும் காலத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.25 முதல் 1.5 கிராம் புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் உள்ளது என்பதால், பருப்பு, சுண்டல், மீன், தயிர் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த அளவை எட்ட முடியும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தையல் மேல் மஞ்சள் பூசலாமா?

பதில்: கூடாது. சமையலறைப் பொடி எதுவும் கிருமி நீக்கப்பட்டதன்று. நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். அது ஆறிவரும் திசுவையும் அரிக்கும்.

கேள்வி: இதுவரை மாத்திரையில் இருந்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்சுலின் போடுகிறார்கள். இனி ஆயுள் முழுதும் ஊசிதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியில் கார்டிசால், அட்ரினலின் போன்ற சுரப்புகள் கூடிச் சர்க்கரையை ஏற்றுகின்றன. இரத்தச் சர்க்கரை அளவு 180 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டி நீடித்தால் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும். அதனால்தான் இந்த நாட்களில் இன்சுலின் தேவைப்படுகிறது. புண் ஆறியபின் பலர் மாத்திரைக்கே திரும்புகிறார்கள். பயந்து ஊசியைத் தவிர்ப்பதுதான் உண்மையான ஆபத்து.

கேள்வி: குளிக்கலாமா? உடம்பெல்லாம் வறண்டு அரிக்கிறது.

பதில்: மருத்துவர் தடுக்காவிட்டால், 48 மணி நேரத்துக்குப் பின் வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம், புண்ணைத் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசனையற்ற களிம்போ போதும், ஆனால் புண் மீதும் கால்விரல் இடுக்குகளிலும் தடவ வேண்டாம், ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். படுத்தே இருப்பவருக்குக் குதிகாலையும் பாருங்கள். அங்கே தோல் கருத்தால் அழுத்தப்புண் தொடங்கியிருக்கலாம்.

கேள்வி: வயிற்றில் தையல் பிரித்தாயிற்று. தண்ணீர்க் குடம் தூக்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே மூடியிருந்தாலும் மூன்று வாரத்தில் அந்தத் திசுவுக்குப் பழைய வலுவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று மாதத்தில்தான் ஏறத்தாழ 80 விழுக்காடு வரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னும் தாமதமாகும். குறைந்தது ஆறு வாரம் குடத்தை வேறு யாராவது தூக்கட்டும். அதன்பின் உங்கள் மருத்துவர் தழும்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்.