ஸ்லைடு படங்களுக்கு நாம் விரும்பும் பெயர்: கேள்வி பதில்

பவர்பாயின்ட் ஸ்லைடுகளைப் படமாக மாற்றும்போது கோப்புப் பெயரில் வரும் சிக்கல்கள் பற்றி சேலம், ஏற்காடு பக்கத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசு பட்டறை: டிசைன் கேட்லாக்கை 'சேவ் ஆஸ்' கொடுத்து பிஎன்ஜி ஆக்கினேன். நான் டைப் செய்த பெயரைக் காணோம். எல்லாம் ஸ்லைடு1, ஸ்லைடு2 என்றே இருக்கிறது.

உங்கள் பெயர் ஃபோல்டருக்குப் போய்விட்டதுங்க அண்ணா. 'ஆல் ஸ்லைட்ஸ்' என்று கொடுத்தால் அப்படித்தான். உள்ளே இருக்கும் படங்களின் பெயரை மாற்ற அந்தக் கட்டத்தில் வழி கிடையாது. 'ஜஸ்ட் திஸ் ஒன்' கொடுத்தால் அந்த ஒரு படத்துக்கு நீங்கள் வைத்த பெயரே வரும். நாலைந்து டிசைன் என்றால் அதுவே போதும். கேட்லாக் முழுவதற்கும் மேக்ரோதான் சரி, அதாவது பவர்பாயின்டுக்குள்ளேயே நாம் எழுதி ஓடவிடும் சின்ன நிரல்.

ஏற்காடு, பள்ளி ஆசிரியை: பென்டிரைவை டிவியில் போட்டால் 1க்கு அடுத்து 10 வருகிறது. கம்ப்யூட்டரில் வரிசை சரியாக இருக்கிறதே?

விண்டோஸ் எண்ணை எண்ணாகப் பார்க்கிறது, பல டிவிகள் எழுத்து எழுத்தாகப் பார்க்கின்றன டீச்சர். 01, 02 என்று பெயர் இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே வரிசை வரும்.

அம்மாப்பேட்டை, கல்லூரி மாணவர்: மேக்ரோ எழுதியதே இல்லை. எங்கே தொடங்குவது அண்ணா?

ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்துங்க தம்பி. திறக்கும் ஜன்னலில் 'இன்செர்ட்' மெனுவில் 'மாட்யூல்' எடுங்க. ஒவ்வொரு ஸ்லைடாகச் சுற்றி வர ஒரு லூப், அதற்குள் ஸ்லைடின் 'எக்ஸ்போர்ட்' கட்டளை, அவ்வளவுதான் மேக்ரோ. கட்டளைக்கு நான்கு தகவல் கொடுக்கலாம்: கோப்பின் பெயர், பட வகை, அகலம், உயரம். முதலாவதுதான் நாம் தேடிய இடம். பெயரோடு டிரைவ், ஃபோல்டர் எல்லாவற்றையும் முழுதாக எழுதுங்க. ஸ்லைடு எண்ணை 'ஃபார்மேட்' ஃபங்ஷனுக்குள் போட்டு, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் மூன்று சுழியம் கொடுத்தால் 7 என்பது 007 ஆகிவிடும். அகலம் 1920, உயரம் 1080 என்பது 16:9 ஸ்லைடுக்குப் பொருந்தும். பழைய 4:3 ஸ்லைடுக்கு அதையே கொடுத்தால் படம் இழுபட்டுவிடும், 1440, 1080 கொடுங்க. மேக்ரோ நிலைக்க கோப்பை பிபிடிஎம் வகையில் சேமிக்க வேண்டும்.

இளம்பிள்ளை, சேலை வியாபாரம்: ஸ்லைடின் தலைப்பே படத்தின் பெயராக வருமா?

வரும் அக்கா, மேக்ரோவில் தலைப்பை எடுத்துப் பெயரோடு ஒட்டலாம். ஆனால் தலைப்பில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு இருந்தால் விண்டோஸ் அந்தப் பெயரை ஏற்காது. தலைப்பை இரண்டு வரியாக உடைத்திருந்தால் அந்த வரி முறிவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்துதான், அதுவும் தடுக்கும். இவற்றை முதலில் நீக்கிவிட வேண்டும். தலைப்பே இல்லாத ஸ்லைடில் மேக்ரோ நின்றுவிடும் என்பதால், தலைப்பு இருக்கிறதா என்று ஒரு சோதனையும் தேவை. இரண்டு சேலைக்கு ஒரே தலைப்பு இருந்தால் பின்னது முன்னதை அழித்துவிடும். அதனால் எண்ணை முன்னால் வையுங்க, தலைப்பு பின்னால் வரட்டும்.

அதே அக்கா: மேக்ரோவுக்குள் தமிழில் எழுதினால் கேள்விக்குறியாக மாறுகிறதே?

மேக்ரோ எழுதும் அந்த எடிட்டருக்கு யூனிகோட் (இப்போது எல்லாக் கருவிகளிலும் பொதுவாக இருக்கும் எழுத்து முறை) தமிழ் தெரியாது. கேள்விக்குறி பெயருக்கு ஆகாத எழுத்து என்பதால் படமும் வராது. தமிழை ஸ்லைடிலேயே எழுதி, மேக்ரோ அங்கிருந்து எடுக்கும்படி விடுங்க. இன்னொன்று, தலைப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் கோப்புப் பெயர் புரியாத ஆங்கில எழுத்துகளாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்க.

கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துபவர்: அதில் முடியுமா?

டவுன்லோட் மெனுவில் படம் என்று கேட்டால் திறந்திருக்கும் ஒரு ஸ்லைடு மட்டுமே வரும். பிபிடிஎக்ஸ், அதாவது பவர்பாயின்ட் கோப்பாக இறக்கி பவர்பாயின்டில் செய்யுங்க.

ஏற்காடு, காபி எஸ்டேட்: ஸ்லைடுகளை முன்பின் மாற்றினால் படங்களின் பெயரும் மாறிவிடுகிறது. வாங்குபவர்களுக்கு ஏற்கெனவே பட்டியல் அனுப்பிவிட்டோம்.

வரிசை எண்ணுக்குப் பதில் 'ஸ்லைடு ஐடி'யைப் பெயரில் சேருங்க சார். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் பவர்பாயின்ட் உள்ளே கொடுக்கும் எண் அது, 256இலிருந்து தொடங்கும். ஸ்லைடை எங்கே நகர்த்தினாலும் மாறாது. டூப்ளிகேட் எடுத்தால் மட்டும் நகலுக்குப் புது எண் வரும். திருத்தத்தை நகலில் செய்யாமல் பழைய ஸ்லைடிலேயே செய்தால் அனுப்பிய பட்டியலைத் தொட வேண்டியதில்லை.