ஃப்ரீபிஎஸ்டியில் ரியல்டெக் ஈதர்நெட் அடிக்கடி விட்டுப்போகிறது. டிரைவரை மாற்ற வேண்டுமா?

ராணிப்பேட்டையில் ஒரு டேனரி (தோல் பதனிடும் ஆலை) அலுவலகம், ஃப்ரீபிஎஸ்டி 14 இயங்குதளம் போட்ட ஃபைல் சர்வர், மதர்போர்டிலேயே உள்ள ரியல்டெக் 8111 நெட்வொர்க் சிப். பெரிய ஃபைல் நகலெடுத்தால் இணைப்பு விட்டுப்போகிறது என்கிறீர்கள்.

டிரைவரைத் தொடுவதற்கு முன், கர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் வருவதைப் படியுங்கள். (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து. 'யெஸ்' மட்டும் பெரிய எழுத்து.) லிங்க் டவுன், லிங்க் அப் என்ற வரிகள் மட்டும் வந்தால் கேபிளையோ ஸ்விட்சையோ சந்தேகப்படுங்கள். அவற்றுக்கு முன்னால் 'வாட்ச்டாக் டைம்அவுட்' என்று இருந்தால்தான் டிரைவர் விவகாரம். அனுப்பச் சொன்ன பாக்கெட் போய்விட்டது என்று சிப்பிடமிருந்து 5 நொடிக்குள் பதில் வராததால், டிரைவர் சிப்பை ரீசெட் செய்கிறது என்று அதற்குப் பொருள்.

கேபிளுக்கு ஒரு சோதனை: ஐஎஃப்கான்ஃபிக் ஆர்ஈ0 என்று அடியுங்கள் (ஆர்ஈ0 என்பது இந்த நெட்வொர்க் கார்டின் பெயர்). மீடியா வரியில் 1000 வர வேண்டிய இடத்தில் 100 வந்தால், நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று சரியில்லை. டேனரியில் இதை லேசாக விடாதீர்கள். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் சல்ஃபைடு வாயு இருக்கும்; அது செம்பைக் கறுக்க வைக்கும். கனெக்டரை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்வதே முதல் வேலை. டிரம் மோட்டார்களின் த்ரீ ஃபேஸ் லைனோடு ஒட்டி கேபிள் போயிருந்தால் தள்ளிப் போடுங்கள். வேகத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கார்டில் மட்டும் கட்டாயமாக வைக்காதீர்கள். மறுமுனை ஸ்விட்ச் ஆட்டோவில் இருந்தால் அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும்) இறங்கிவிடும்; லிங்க் இருக்கும், வேகம் இருக்காது.

வாட்ச்டாக் என்று உறுதியானால், கர்னலோடு வரும் ஆர்ஈ டிரைவருக்குப் பதில் ரியல்டெக்கின் சொந்த டிரைவரைப் போடுங்கள்:

பிகேஜி இன்ஸ்டால் ரியல்டெக்-ஆர்ஈ-கேமாட்

பிறகு /பூட்/லோடர்.கான்ஃப் ஃபைலில் இந்த மூன்று வரிகள்:

ஐஎஃப்_ஆர்ஈ_லோட்="யெஸ்"
ஐஎஃப்_ஆர்ஈ_நேம்="/பூட்/மாட்யூல்ஸ்/ஐஎஃப்_ஆர்ஈ.கேஓ"
ஹெச்டபிள்யூ.ஆர்ஈ.மேக்ஸ்_ஆர்எக்ஸ்_எம்பஃப்_எஸ்இசட்="2048"

பலர் தவறவிடுவது இரண்டாவது வரி. /பூட்/கர்னல் உள்ளேயும் அதே பெயரில் பழைய மாட்யூல் (டிரைவர் ஃபைல்) இருக்கிறது. முழுப் பாதை தராவிட்டால் லோடர் (பூட்டின்போது கர்னலை ஏற்றும் நிரல்) அதைத்தான் எடுக்கும். நீங்களோ புது டிரைவரும் உதவவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். மூன்றாவது வரி, நாள்கணக்கில் ஓடும் சர்வருக்கு அவசியம். ஜம்போ ஃபிரேமுக்காக (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) டிரைவர் பெரிய தொடர் நினைவகத் துண்டுகளைக் கேட்கும். நினைவகம் சிதறிப்போயிருந்தால் கிடைக்காமல் தொங்கிவிடும். ஜம்போ ஃபிரேம் பயன்படுத்தாதவர்களுக்கு 2048 போதும்.

ரீபூட் செய்தபின், ஏற்றப்பட்ட மாட்யூல்களைக் காட்டும் கேஎல்டிஸ்டாட் பட்டியலில் ஐஎஃப்_ஆர்ஈ.கேஓ தெரிய வேண்டும். நெட்வொர்க் அமைப்புகள் உள்ள ஆர்சி.கான்ஃபில் எதையும் மாற்ற வேண்டாம். இன்டர்ஃபேஸ் பெயர் ஆர்ஈ0 என்றே இருக்கும்.

இன்னொன்று. 15 போன்ற அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்போது இந்த மாட்யூலையும் புதுக் கர்னலுக்கானதாக மறுபடி நிறுவ வேண்டும். மறந்து, பூட் நின்றுபோனால் பயப்பட வேண்டாம்: பூட் மெனுவில் 3 அழுத்தி லோடர் ப்ராம்ப்ட்டுக்குப் போய், டிஸேபிள்-மாட்யூல் ஐஎஃப்_ஆர்ஈ, அடுத்து பூட். கர்னலில் உள்ள பழைய டிரைவரோடு எழுந்துவிடும். அந்த நேரம் நெட் வரவில்லை என்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடுங்கள். கேஎல்டிலோட் ஐஎஃப்_யுஆர்என்டிஐஎஸ், பிறகு டிஹெச்கிளையன்ட் யுஈ0. பேக்கேஜ் இறக்க அது போதும்.