கிணற்றுக்குள் கிடக்கும் யூரியா

கேள்வி: கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம் ஐயா. நைத்திரேற்று (உரத்திலும் கழிவிலும் இருந்து வரும் நைதரசன் உப்பு) லீற்றருக்கு 70 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா? ஒரு ஏக்கரில் வெங்காயம் வைத்திருக்கிறோம், யூரியாவைக் குறைத்தால் விளைச்சல் விழாதா?
— உரும்பிராய் வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலில் கொதிக்க வைப்பதை விடுங்கள். தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே நிற்கும், அதனால் கொதிக்கக் கொதிக்க அளவு கூடத்தான் செய்யும். குடிதண்ணீருக்கு எல்லை 50. வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கவே கூடாது, குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். போட்ட யூரியா ஒன்றிரண்டு கிழமைக்குள் நைத்திரேற்றாக மாறிவிடும், அதை மண் பிடித்து வைக்காது. வெங்காய வேரோ ஒரு அடிக்கு மேல் போகாது. அதற்குக் கீழே இறங்கியதெல்லாம் செம்மண்ணைத் தாண்டிச் சுண்ணக்கல் வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குத்தான்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் இறைத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லீற்றர். உங்கள் தண்ணீரில் அது 1.6 கிலோ நைதரசன், யூரியாவில் பயிருக்கு வேண்டிய சத்து இதுதான், அதாவது மூன்றரைக் கிலோ யூரியா! பத்து இறைப்புக்கு 35 கிலோ. முழுவதும் பயிருக்குச் சேராதுதான், ஆனாலும் காசு கொடுத்து வாங்கியதைக் கிணற்றில் போட்டுவிட்டுத் திரும்பவும் கடைக்குப் போகிறோமே.

ஆகவே நிற்பாட்டச் சொல்லவில்லை, சிபாரிசு அளவில் தண்ணீரும் மாட்டெருவும் தருவதைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள், போட்ட அன்று வாய்க்கால் நிரம்பி வழிய இறைக்காதீர்கள், பெருமழை வரப்போகிற ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாக அள்ளி வீசவே வீசாதீர்கள். குமிழ் பருத்த பிறகு போடுகிற யூரியாவால் கழுத்துத் தடித்து, கட்டித் தொங்கவிட்ட வெங்காயம் அழுகுவதுதான் மிச்சம்.

அப்புறம், மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் அளந்து பாருங்கள், எல்லாப் பழியையும் யூரியாவின் தலையில் போட முடியாது.