டொலுயீன் தலைவலிக்கு என்95 உதவாது, டேங்க்கைப் பாருங்க

நண்பரே, பெயின்ட் கலக்குற பிரிவில் தினமும் டொலுயீன் (பெயின்ட்டைக் கரைக்கிற, சீக்கிரம் ஆவியாகிற திரவம்) ஊத்துறீங்க, சாயங்காலமானா தலைவலி, ஞாயிறு மட்டும் தெளியுது, என்95 போட்டும் பலனில்லைன்னு எழுதியிருந்தீங்க. லீவு நாளில் விடுதுன்னா ஆவியைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

என்95 தூசியைத்தான் பிடிக்கும், ஆவியை விட்டுடும். கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கேளுங்க. வாடை குறைஞ்சிடுச்சுன்னு நம்பாதீங்க, மூக்கு பழகிடும்.

ஆனா பிரச்சினையோட வேர் கலக்குற டேங்க்லதான். நான் இருந்த ஆலையில் டேங்க்கை எட்டிப் பார்த்தா கலக்குற கருவியோட தண்டைச் சுத்திப் புனல் மாதிரி சுழி, அடியில் அதோட இலை (பிளேடு) விளிம்பே தெரியும். சுழி விழுந்தா திரவப் பரப்பு கூடும், காத்தையும் உள்ளே இழுக்கும், ஆவி அதிகமா கிளம்பும். அவ்வளவு சுத்தியும் சரக்கு சரியாக் கலக்காது, மொத்தமா ஒண்ணாச் சுழலும். அதுக்கு டேங்க்கோட உள்சுவரில் நாலு தடுப்புத் தகடு வெச்சோம், ஒவ்வொண்ணும் டேங்க் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம். மாட்டினதும் சுழி போச்சு, கலக்குற நேரமும் குறைஞ்சது. (ரொம்பக் கெட்டியான சரக்குக்கு இது வேண்டாம்.)

மூடி கட்டாயம். விளிம்பிலேயே உறிஞ்சுற குழாய் வைக்கச் சொல்லுங்க. பெடஸ்டல் ஃபேன் ஆவியை அடுத்தவர் முகத்துக்குத்தான் தள்ளும். டொலுயீனோட தீப்பற்று நிலை (ஆவி தீப்பிடிக்கத் தொடங்குற வெப்பம்) வெறும் 4 டிகிரி செல்சியஸ், ஊத்தும்போது வர்ற நிலைமின் பொறியே போதும், அதனால எர்த்திங் இல்லாம ஊத்தவே கூடாது.

"அளவு எல்லைக்குள்ளதான்"னு சொன்னா எந்த எல்லைன்னு கேளுங்க. அமெரிக்க அரசோட தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவோட சட்டத்தில் 8 மணி நேரச் சராசரி 200 பிபிஎம் (காத்தில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு), அங்கேயே தொழில் சுகாதார நிபுணர் சங்கமான ஏசிஜிஐஎச் பரிந்துரை 20 தான்.

இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. ஷிஃப்ட் முடியிற நேரத்துச் சிறுநீரில் ஆர்த்தோ-கிரெசால் (உடம்புக்குள்ள போன டொலுயீன் சிதைஞ்சு வர்ற பொருள்) பார்க்கணும்னு நீங்களே கேளுங்க.